வெள்ளிக்கிழமைப் பத்தி

சாங்ரே கிராண்டே
6 அக்டோபர் 2002, ஞாயிறு

அன்புள்ள ஜிசெலுக்கு,

இங்கே நலம். நியூயார்க்கில் நீயும் நலம் என்று வியாழக்கிழமை தொலைபேசியில் சொன்னாய். தொலைபேசி அட்டையில் நிமிடங்கள் தீர்ந்த பிறகுதான் எனக்குச் சொல்ல வேண்டியவை ஞாபகம் வருகின்றன. அதனால் கடிதம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. எனக்குக் கோபம் வந்தால் பேனாவை மூடிவைத்துவிட்டுப் பிறகு திறக்கலாம்.

மழை நிற்கவில்லை. சமையலறைக் கூரையை ஆள் வைத்து அடைத்தேன். இப்போது இரண்டடி தள்ளி ஒழுகுகிறது. வாளியையும் இரண்டடி தள்ளி வைத்திருக்கிறேன்.

நான் அங்கே வர நீ அனுப்பிய விசாப் படிவம் வந்து சேர்ந்தது. ‘துணைவர்’ என்ற கட்டத்தில் என் பெயரை நீயே தட்டச்சு செய்திருக்கிறாய். கையெழுத்து மட்டும் பாக்கி. டிசம்பர் இருபதுக்குள் உன் கைக்கு வராவிட்டால் இன்னொரு வருடம் காத்திருக்க வேண்டும் என்று ஓரத்தில் பச்சை மையில் எழுதியிருக்கிறாய். படித்தேன். இழுப்பறையில் வைத்திருக்கிறேன். துணைவர். சொல்லிப் பார்த்தால் யாருக்கோ பின்னால் பெட்டி தூக்கி வருகிறவன் மாதிரி இருக்கிறது.

இன்று மதியம் உன் அம்மா வீட்டில் சாப்பாடு. கலலூக் கீரை, கோழி, மக்கரோனி. தட்டில் பரிமாறிக்கொண்டே கேட்டார்: “கையெழுத்துப் போட்டாச்சா மாப்ள? அது என்ன உங்க நாவலா, வருஷக்கணக்கா மேசையில கெடக்க?” உன் தங்கை சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது. நானும் சிரித்தேன். ஆறு வருடம் ஆகிறது அந்த நாவலுக்கு. நாற்பத்தொரு பக்கம்.

உன் வகுப்பைப் பற்றிக் கேட்டாய். என் வகுப்பு என்று இன்னும் சொல்ல வரவில்லை.

நீ நாலாம் வகுப்பில் வைத்திருந்த இருபத்தெட்டு பேரும் அப்படியே ஐந்தாம் வகுப்புக்கு வந்திருக்கிறார்கள். மார்ச்சில் தேர்வு. எந்த உயர்நிலைப்பள்ளி என்பதை அந்த ஒரே காலைப்பொழுது தீர்மானிக்கும் என்று எல்லாத் தாய்மார்களும் வாசலில் நின்று எனக்கு ஞாபகப்படுத்துகிறார்கள், எனக்கு என்னவோ தெரியாதது போல.

எட்டரை மணிக்கு உன் தினப் பயிற்சி. அதை மாற்றவில்லை. பலகையில் இரண்டு பிழை வாக்கியம், திருத்த வேண்டும். பிறகு கதை மலை: அடிவாரம், ஏற்றம், உச்சி, இறக்கம், மறுபக்கத்துத் தரை. பிறகு ஒரு பத்தி. இருபது நிமிடம். நான் பலகையில் மலை வரைந்தால் வகுப்பு முழுக்க ஒரு மெல்லிய சிரிப்பு ஓடும். மூன்றாம் வரிசை ஜன்னலோரம் உட்காருகிற ரெனெல், தெரியுமே உனக்கு, கை தூக்கிவிட்டுத்தான் குத்துவாள். “சார், மிஸ் போடுற மலையில ஏறலாம். இதுல ஏறுனா சறுக்கி விழுந்துருவோம்.”

கதை சூடு பிடித்ததும் பையன்கள் நேற்றிலிருந்து இன்றைக்குத் தாவிவிடுகிறார்கள். நேற்று ஓடினான், நேற்று விழுந்தான், இதோ இரத்தம் வருகிறது. திருத்துகிறேன். மறுநாளும் தாவுகிறார்கள். மிஸ் என்றால் அதற்கு ஒரு கதை சொல்வார்களாம். என்ன கதை என்று கேட்டேன். அது மிஸ் சொன்னால்தான் நன்றாயிருக்குமாம்.

எனக்கு வருத்தமில்லை. பொறாமை என்று ஒரு சொல் இருக்கிறது. அதுவும் இல்லை என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

குடை இல்லாமல் பள்ளிக்கு இறங்கியபோது ரால்ஸ்டன் தன் குடையைக் கொடுத்தான் என்று சொன்னாயே, அது நம் தீவின் தெற்கே சான் ஃபெர்னாண்டோவிலிருந்து வந்த ரால்ஸ்டன்தானே? ஜனவரியில் நம் தலைநகர் ஓட்டலில் உன்னோடு நியூயார்க் ஆசிரியர் வேலைக்கான நேர்முகத் தேர்வுக்கு உட்கார்ந்தவன்? நேர்முகத் தேர்வே நடந்தது எனக்கு ஜூனில்தான் தெரியும். ஆகவே பெயர்கள் குழம்புகின்றன.

குளிருக்கு இரண்டு காலுறை போடு.

உன் பேச்சில் இடம்பிடிக்கக் காத்திருக்கும்,
கெர்வின்


சாங்ரே கிராண்டே
10 நவம்பர் 2002, ஞாயிறு

ஜிசெல்,

இந்த முறை நலம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு ஷிவானந்த் வீட்டிலிருந்து ஆசிரியர் எல்லோருக்கும் பர்பி வந்தது. அதை எறும்பு தொடாமல் வைக்க வகுப்பு அலமாரியின் மேல்தட்டைத் திறந்தேன். அங்கே உன் பெட்டி. போன வருடத்துத் தினப் பயிற்சி நோட்டுகள், இருபத்தெட்டும், நூல் கட்டி. நூலை அவிழ்த்திருக்கக் கூடாது. அவிழ்த்தேன்.

முதல் நோட்டு அக்கீலுடையது. ஜனவரி இருபத்தெட்டு, திங்கள். பலகையிலிருந்து பார்த்து எழுதிய ஒரு கதை. திங்களன்று அடிவாரம், செவ்வாயன்று ஏற்றம் என்று ஒரு நாளைக்கு ஒரு பத்தி. அடுத்த நோட்டை எடுத்தேன். அதே கதை. எல்லா நோட்டிலும் அதே கதை, எழுத்துப்பிழை மட்டும் வேறு வேறு.

நம் ஊரில் எல்லா ஆசிரியரும் செய்கிற வேலைதான். நாம் ஒரு மாதிரிக் கதை எழுதிப் போடுவோம். பிள்ளைகள் மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தேர்வில் எந்தத் தலைப்பு வந்தாலும் அதையே வளைத்து எழுதுவார்கள். என்னுடைய மாதிரிக் கதையில் ஒரு நாய் தொலைந்து கிடைக்கிறது. எட்டு வருடமாக அதே நாய்.

உன்னுடையது அப்படி இல்லை.

‘அந்த வீட்டுக் கூரை ஓர் இடத்தில் மட்டும் ஒழுகியது. வாளி நிறைவதை வைத்து அவளுக்கு நேரம் தெரியும்.’

நின்றுகொண்டே படித்தேன். பிறகு பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தேன்.

‘அவன் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தான். அவள் அவன் முதுகோடு பேசப் பழகிக்கொண்டாள்.’

வீட்டில் எழுத்தாளன் நான் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. நீ திருத்துகிறவள், சமைக்கிறவள், காலையில் எனக்கு முன்னே கிளம்பிப் போகிறவள். அந்த ஏற்பாட்டில் நான் சௌகரியமாக இருந்தேன். இப்போது சொல்கிறேன், ஆறு வருடத்தில் எனக்கு இப்படி ஒரு வாக்கியம் வந்ததில்லை. முதல் கோபம் அதுதான். சின்னக் கோபம். மறைக்க விரும்பவில்லை.

புதன்கிழமை:

‘சாலையோரம் மஞ்சள் குடையோடு ஒருவர் நின்றார். அவர் ஒன்றும் பேசவில்லை. குடையை அவள் பக்கம் சாய்த்ததில் அவர் தோள் நனைந்தது.’

வியாழக்கிழமை, உச்சி:

‘அவள் பெட்டியில் இரண்டு பேருக்கான துணிகளை மடித்து வைத்தாள். விமானத்தின் சத்தத்தில் யாருக்கும் யாருடைய குரலும் கேட்கவில்லை.’

வெள்ளிக்கிழமைக்குத் தேதி மட்டும் இருக்கிறது. பிப்ரவரி ஒன்று. கீழே வெறும் கோடுகள். இருபத்தெட்டு நோட்டிலும் வெறும் கோடுகள்.

யார் அவன்?

ஜனவரி தொடக்கத்தில் நீ பயிற்சி வகுப்பு என்று சொல்லிவிட்டுத் தலைநகருக்குப் போனாய். அங்கே ரால்ஸ்டன் இருந்தான். மாதக் கடைசியில் உன் கதைக்குள் ஒருவன் குடையோடு வந்து நிற்கிறான். ஒன்றும் பேசாமல், தோள் நனைய. அக்டோபரில் நீ தொலைபேசியில் சிரித்துக்கொண்டே சொல்கிறாய், ரால்ஸ்டன் குடை கொடுத்தான் என்று. இரண்டு பேருக்கான துணிகள். யார் அந்த இரண்டாவது ஆள்? பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பலகையில் எழுதிப்போட முடிந்ததை என்னிடம் சொல்ல முடியவில்லையா?

நான் அதிகம் பேசுகிறவன். தெரியும். குடை பிடிக்கத் தெரியாதவன். ஒரு பெண்ணோடு நடந்தால் குடையின் பெரிய பாதி என் பக்கம்தான் இருக்கும். அதையும் நீ கவனித்திருப்பாய். எல்லாவற்றையும் கவனித்துவிட்டு, நீ திருத்துகிற பச்சை மையைத் திறக்காமலேயே இருந்திருக்கிறாய்.

ரால்ஸ்டன் தினமும் காலையில் உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறான் என்பது உன் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. நல்ல பையன் என்றார். அந்த இரண்டு சொற்களை நான்கு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன்.

படிவத்தில் கையெழுத்துப் போடப் போவதில்லை. துணைவர் கட்டத்தில் வேறு பெயர் அடிக்க இடம் இருக்கிறதா என்று பார்.

இறக்கத்தை நீ எழுதவில்லை. எழுதி அனுப்பு. முடிவு தெரியாத கதை எனக்குப் பிடிக்காது.

கெர்வின்


சாங்ரே கிராண்டே
21 நவம்பர் 2002, வியாழன்

அன்புள்ள ஜிசெலுக்கு,

பத்தாம் தேதிக் கடிதம் இன்னும் வரவில்லை என்றால், வந்ததும் பிரிக்காதே. பிரித்துவிட்டாய் என்றால் இதைப் படி.

அந்தக் கடிதத்தைத் திங்கள் காலையே தபாலில் போட்டேன். என் வாழ்க்கையில் தாமதமில்லாமல் செய்த ஒரே காரியம். அதற்குப் பிறகு இரண்டு முறை தொலைபேசியில் பேசினோம். நீ பனியைப் பற்றிச் சொன்னாய். நான் ‘ஆமாம், ஆமாம்’ என்றேன். கடிதம் எங்கோ வானத்தில் பறந்துகொண்டிருக்கும்போது என்ன சொல்வது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை உன் கதையைப் பலகையில் எழுதினேன். அடிவாரத்திலிருந்து உச்சி வரை. நோக்கம் நல்லதில்லை. பிள்ளைகளுக்கு உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஏதோ தெரியும் என்று நினைத்தேன். பிழை வாக்கியங்களைக் கூடப் போடவில்லை. அன்றைய பயிற்சி இதுதான் என்றேன்: ‘மஞ்சள் குடைக்காரர் யார்? அவர் ஏன் பேசவில்லை? ஒரு பத்தி எழுதுக.’

யாரும் நோட்டைத் திறக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ரெனெல் கை தூக்கினாள்.

“சார், அது என்னோடது.”

என்ன உன்னோடது என்றேன்.

“அந்தக் குடை. நான்தான் போட்டேன். மிஸ்டர் எட்டியென், சார். காலைல ரோடு தாண்டி விடுவாரே. அவருக்குக் காது கேக்காது, பேச்சும் வராது. அதான் பேசல.”

வகுப்பு சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் சாக்பீஸோடு நின்றேன்.

வரிசைக்கு ஒரு நாளாம். முதல் வரிசைக்குத் திங்கள், இரண்டாம் வரிசைக்குச் செவ்வாய். ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். நீ பலகையில் எழுதுவாய், பிழை இருந்தால் எல்லோரும் சேர்ந்து திருத்துவீர்கள், நன்றாயிருப்பது நிற்கும், மற்றது அழியும். மிஸ் ஒரு வாக்கியமும் சொல்ல மாட்டார்கள். கேட்டால் நான் சம்பளம் வாங்கிக்கொண்டு திருத்துகிறவள், நீங்கள்தான் எழுத்தாளர்கள் என்பார்களாம்.

கூரையும் வாளியும் ஷிவானந்த் வீட்டுடையவை. அவனே எழுந்து நின்று சொன்னான், இப்போது தகரம் மாற்றியாயிற்று என்று. முதுகைக் காட்டி எழுதிக்கொண்டே இருக்கிறவர் ஜோவானின் அப்பா. குதிரைப் பந்தயத் தாளில் குறித்துக்கொண்டே இருப்பாராம். எட்டு வயதுக்குள் தானும் தன் தம்பியும் அந்த முதுகோடு பேசப் பழகிவிட்டதாக ஜோவான் சொன்னான். ஏதோ சைக்கிள் பழகியதைச் சொல்வது போல.

ஆக நான் பொறாமைப்பட்டது பத்து வயதுப் பிள்ளைகளின் எழுத்தைப் பார்த்து. குதிரைப் பந்தயக்காரரின் முதுகை என் முதுகு என்று எடுத்துக்கொண்டேன். அளவு சரியாக இருந்தது.

நான் மணி அடித்த பிறகு வருகிறவன் என்பது உனக்குத் தெரியும். மிஸ்டர் எட்டியெனை எட்டு வருடத்தில் நான் பார்த்ததே இல்லை. நேற்று ஏழரைக்கே போனேன். மழை. சந்தை முனையில் மஞ்சள் குடையோடு நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும். மூன்று பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு எனக்காகத் திரும்பி வந்தார். என்னையும் குடைக்குள் வாங்கிக்கொண்டு, கையைக் காட்டி ஒரு பேருந்தையே நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தபோது அவர் இடது தோள் நனைந்திருந்தது. நன்றி என்றேன். என் வாயைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

இனி முக்கியமானது.

நாலாம் வரிசையில் கதீஷா. அந்த வாரம் அம்மை போட்டு வரவில்லை; அவள் நோட்டில் இருப்பது பிறகு ரெனெலைப் பார்த்து எழுதியது. வியாழக்கிழமை அவள் இடத்தில் ஒரு வாக்கியம் குறைந்தது. பிள்ளைகள் விடவில்லையாம். மிஸ் சொல்லுங்க, மிஸ் சொல்லுங்க என்று மேசையைத் தட்டியிருக்கிறார்கள். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு ஒன்று சொல்லியிருக்கிறாய். அந்தக் கதையிலேயே உன் வாக்கியம் அது ஒன்றுதான்.

‘அவள் பெட்டியில் இரண்டு பேருக்கான துணிகளை மடித்து வைத்தாள்.’

ரெனெல் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். “ரெண்டாவது ஆள் யாருன்னு நாங்க கேட்டோம் சார். மிஸ் சொல்லவே இல்ல. மொதல்ல அவர்கிட்டதான் சொல்லணும், நாளைக்குச் சொல்றேன்னாங்க. அப்புறம் வெள்ளிக்கிழமை தண்ணி வரலன்னு ஸ்கூல காலைலயே விட்டுட்டாங்க. மிஸ் அவர்கிட்ட சொன்னாங்களா சார்?”

நான் பலகையை அழித்தேன். திரும்பிப் பார்க்காமல் அழித்தேன். இருபத்தெட்டு பேர் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிப்ரவரி ஒன்று, வெள்ளிக்கிழமை. பள்ளி விட்டுவிட்டதால் நீ வெயில் ஏறுமுன்பே வீட்டுக்கு வந்தாய். எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று நான் உடம்பு சரியில்லை என்று விடுப்பு எடுத்து நாவலோடு உட்கார்ந்திருந்தேன். நீ வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாய். கையில் ஏதோ காகிதம். நான் நிமிரவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நிமிடம் என்று. நீ சமையலறைக்குப் போய்விட்டாய். கொஞ்ச நேரம் கழித்து அடுப்புச் சத்தம் கேட்டது.

அந்த ஒரு நிமிடம் ஜூன் வரைக்கும் நீண்டிருக்கிறது.

ஜூனில்கூட நீ சொல்லவில்லை. ஒப்பந்தம் வந்த உறையை நான்தான் தபால்காரரிடம் வாங்கினேன்.

ஒரு பொறாமை தீர்ந்தால் மனம் சும்மா இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. இப்போது கதீஷாவின் காலி நாற்காலியைப் பார்த்தால்கூட எரிகிறது. நீ எனக்குச் சொல்ல வேண்டியதை அது முதலில் கேட்டிருக்கிறது.

பத்தாம் தேதிக் கடிதத்தைப் பிரிக்காதே. தயவுசெய்து.

கெர்வின்


சாங்ரே கிராண்டே
8 டிசம்பர் 2002, ஞாயிறு

அன்புள்ள ஜிசெலுக்கு,

செவ்வாய்க்கிழமை உன் உறை வந்தது. கனமாக இருந்தது. நீண்ட கடிதம் என்று நினைத்துச் சாப்பிட்ட பிறகு பிரிக்கலாம் என்று வைத்தேன். சாப்பிடவில்லை. பிரித்தேன்.

என் பத்தாம் தேதிக் கடிதம். திருத்தி அனுப்பியிருக்கிறாய்.

தபால் முத்திரையைப் பார்த்தேன். என் அடுத்த கடிதம் உனக்குக் கிடைப்பதற்கு முன்னே இதைப் போட்டிருக்கிறாய். அப்படியானால் கெஞ்சலைப் படிக்காமல், குற்றச்சாட்டை மட்டும் படித்துவிட்டுப் பச்சைப் பேனாவைத் திறந்திருக்கிறாய். எத்தனை நாள் கழித்துத் திறந்தாய் என்று தெரியவில்லை. முதல் பக்கத்தில் மை கொஞ்சம் அழுத்தமாக இருக்கிறது.

‘யார் அவன்?’ என்பதற்குப் பக்கத்தில்: பாத்திரத்தை அறிமுகப்படுத்தாமலே சண்டைக்கு இழுக்கிறாய்.

ரால்ஸ்டன் பத்தியின் ஓரத்தில்: உச்சிக்கு மிக வேகமாக ஏறிவிட்டாய். ஏற்றம் எங்கே? ஆதாரம் எங்கே?

‘இரண்டு பேருக்கான துணிகள். யார் அந்த இரண்டாவது ஆள்?’ இதன் கீழே இரண்டு கோடு. ஒன்றும் எழுதவில்லை. கோடு மட்டும்.

குடையின் பெரிய பாதி என் பக்கம் இருக்கும் என்று எழுதியிருந்தேனே, அங்கே ஒரு சரி. முழுக் கடிதத்திலும் ஒரே ஒரு சரி. ‘இது நல்ல வாக்கியம். உண்மையும்கூட.’

சிரித்தேன். சமையலறையில் தனியாக நின்று, வாளிக்குப் பக்கத்தில். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்துக்குக் கீழே, நீ பிள்ளைகளின் நோட்டில் குத்துகிற அந்த ரப்பர் முத்திரை. அதை அங்கேயும் கொண்டுபோயிருக்கிறாயா. ‘தாமதம்.’ அதற்குக் கீழே அளவுகோல் வைத்து நான்கு கோடு போட்டிருக்கிறாய். இறக்கம் என்று தலைப்பு. வேறு ஒன்றும் இல்லை. உன் பெயர்கூட இல்லை.

அதன் அர்த்தம் என்ன என்று ஐந்து நாளாக யோசிக்கிறேன். தாமதமாக வந்ததற்கு மதிப்பெண் குறைப்பாயே தவிர நீ யாருடைய நோட்டையும் தூக்கி எறிந்ததில்லை. ரெனெலிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. “வாங்கிக்குவாங்க சார்,” என்றாள். “ஆனா முகத்தப் பாக்க மாட்டாங்க.”

வெள்ளிக்கிழமை ஐந்தாம் வரிசைக்கு முறை கொடுத்தேன். பத்து மாதமாகக் காத்திருக்கிறார்கள், பாவம், அந்த ஆத்திரம் அவர்களுக்கு இருக்கிறது. ஐந்து பேரும் ஒத்துப்போகவில்லை. ஒருவனுக்கு விமானம் கடலில் விழ வேண்டும். கடைசியில் ஒட்டுமொத்தமாக ஒன்று முடிவாயிற்று: வாளியை மறந்துவிட்டதால் விமானம் திரும்பி வந்தது. பிழையில்லாமல் எழுதினார்கள். பலகையில் போட்டேன். நன்றாயிருக்கிறது, ஆனால் நடக்காது என்று ரெனெல் சொன்னாள். நான் அதை அழிக்காமல் விட்டேன். இப்போது நான் சம்பளம் வாங்கிக்கொண்டு திருத்துகிறவன் மட்டும்தான்.

தினமும் ஏழரைக்குப் போகிறேன். மிஸ்டர் எட்டியென் என்னை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டுவிட்டார்.

உன் அம்மா கறுப்புக் கேக்குக்குப் பழங்களை ரம்மில் ஊறப்போட்டுவிட்டார். தெருவில் கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வீடு வீடாக ஆரம்பித்துவிட்டார்கள். உனக்கு ஒரு கேக் அனுப்பப் போகிறாராம். ரால்ஸ்டனுக்கும் ஒரு துண்டு கொடுக்கச் சொன்னார். அதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதிவிட்டேன். சின்னத் துண்டாகக் கொடு.

பிள்ளைகளை மார்ச் வரை விட முடியாது. நாலாம் வகுப்பில் ஒருவர் விட்டுப் போனார், ஐந்தாம் வகுப்பில் இன்னொருவர் என்று அவர்கள் கதையில் எழுதக் கூடாது. அதற்குப் பிறகு நான் எங்கே இருப்பேன் என்பது உன் கையில்.

படிவம் இந்த உறையில் இருக்கிறது. நாளைக் காலை விரைவு அஞ்சலில் போடுகிறேன். இருபதாம் தேதிக்கு முன் வந்துவிடும். துணைவர் கட்டத்தில் கையெழுத்து. கோணலாக வந்துவிட்டது.

நாவலை அனுப்பவில்லை. அந்த நாற்பத்தொரு பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். யாரும் யாருடைய குரலையும் கேட்காத வீடு. உன் கதையில் குரல் கேட்காதது விமானச் சத்தத்தால் என்று நினைத்திருந்தேன்.

நீ போட்ட நான்கு கோடுகளில் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்து.

அவன் மேசையைத் திருப்பிப் போட்டான். இப்போது கதவருகே யார் வந்து நின்றாலும் முகம் தெரியும்.
அவன் படிவத்தில் கையெழுத்துப் போட்டான்.
பிள்ளைகள் தேர்வு எழுதி முடித்த மறுவாரம் அவன் ஒரு பெட்டியோடு விமானம் ஏறினான்.

நாலாவது கோட்டைக் காலியாக விட்டிருக்கிறேன். அது உன் முறை. ஒரு வாக்கியம் போதும். இந்த முறை நான் விரலைத் தூக்க மாட்டேன்.

கடவுள் உன்னைக் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

உன் தாமதக்காரன்,
கெர்வின்

பி.கு.: ரால்ஸ்டனின் குடை இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது என்றால், இது கிடைத்த அன்றே திருப்பிக் கொடுத்துவிடு. நான் ஒன்று வாங்கியிருக்கிறேன், மஞ்சளில், பெரியது. ஏப்ரலுக்குள் மழை வந்தால் கொஞ்சம் நனைந்துகொள்.